டி டிரைவில் பெயர் மட்டும்தான் இருந்தது

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உதயகுமார் ஐயா அவர்களே, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, பட்டாபிராமில் ரயிலை விட்டிறங்கி நேரே இங்கு ஓடிவந்த தாய்மார்களே, காதால் படித்துத் தேர்வெழுதும் பார்வையற்ற நண்பர்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் என் கோமளா அக்காவே! எழிலரசியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "வைரஸிடமிருந்து நம் குரல் நூலகத்தின் கணினியை மீட்ட தங்கை" என்றார் தலைவர். கை தட்டினீர்கள். ஐயா, நம் கணினிக்கு வைரஸ் வரவேயில்லை. வந்தவள் நான்தான்.

பூந்தமல்லியில் காலை டிபன் கடையை முடித்துவிட்டு, மதியம் இங்கே மைக் முன் உட்கார்ந்து, தேர்வுப் பாடங்களை எட்டு மாதம் வாசித்துப் பதிவு செய்தவர் கோமளா அக்கா. அந்தக் கணினியின் டிஸ்கை இரண்டாகத் தடுத்தவள் நான். சி பக்கம் கணினி இயங்கத் தேவையானவை. டி பக்கம் நம் சேமிப்பு. ஓர் அறைக்கு வெள்ளையடித்தால் அடுத்த அறைப் பொருளை அசைக்க வேண்டாம் அல்லவா? அதற்குத்தான் அந்தத் தடுப்பு. டி-யில் 'குரல்' என்று ஃபோல்டர் திறந்தவள் நான். அதில்தான் சேமிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லாதவளும் நான்!

கணினி மந்தமானதும் விண்டோஸைப் புதிதாகப் போட வந்தேன்.

"எல்லாம் டி-யிலதானேக்கா?"

"எனுக்கு இன்னா டீ தெரியும், கடையில போடுற டீதான். அல்லாம் கண்ணு முன்னாடியே கீது, பாத்துக்கோம்மா."

பார்த்தேனா? கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். அந்த டெஸ்க்டாப் சி-யில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது? நான் டி-யில் 'குரல்' என்ற பெயரைப் பார்த்தேன். உள்ளே பார்க்கவில்லை. சி-யை அழித்தேன். எட்டு மாதக் குரல் போனது.

"இன்னா தங்கச்சி, ஒரு பாடமும் வரல? பரீட்ச வருதே!" என்றார் பாடம் கேட்க வந்த தேவராஜ் அண்ணன்.

"வைரஸ்ண்ணா. யாரோ பென் டிரைவ் போட்டிருக்காங்க" என்றேன்.

யாரோ! வாசிக்க வேண்டிய பாடங்களைக் கொண்டுவந்து இங்கே பென் டிரைவ் போடுகிறவர் ஒருவர்தானே? எல்லோரும் கோமளா அக்காவைப் பார்த்தீர்கள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை; இன்றுதான் வந்திருக்கிறார்.

ஏன் பொய் சொன்னேன்? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, கணினி படித்த பெண் என்ற பெயர் போய்விடுமே என்றுதான். என் பெயரைக் காக்க அவர் பெயரைக் கெடுத்தேனே, இதற்கா படித்தேன்?

இனி பதிவுகள் டி-யில்தான் சேரும். டிஸ்கே பழுதானால் இரண்டு பக்கமும் போகும் என்பதால் வேறொரு டிஸ்கில் நகலும் இருக்கும். கணினியைச் சரிசெய்துவிட்டேன். உங்களிடம் எதைச் சரிசெய்வேன் அக்கா? இந்தப் பொன்னாடை உங்களுடையது.

என்னக்கா? கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"சால்வ இன்னாத்துக்கு? ஆறின இட்லிய மூடவா? நாளிக்கு ரெண்டு மணிக்கு வா. மொதப் பக்கத்துலேந்து நீ படி. நான் குந்திகினு கேக்கறேன்" என்கிறார்.

கை தட்டாதீர்கள், தாய்மார்களே. இன்னும் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் என்னோடு வாருங்கள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. கோமளா அக்கா, ரெண்டு மணிக்கு வந்துவிடுகிறேன். வணக்கம்.