கங்காணி நிற்கும் இடம்

பொகவந்தலாவை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். தேயிலைக் கொழுந்துக் கறை விரல்களோடு அக்கா. கேம்பஸில் ஆராய்ச்சி செய்து, லீவுக்கு வரும் தங்கை.

"அக்கா, ஈ வயித்துல கால் மொளைக்க விடாம நிக்கிற கங்காணியப் புடிச்சிட்டேன்!"

"ஈக்குமா கங்காணி?"

"முட்டைக்குள்ள ஈ உருவாகுறப்போ, கால் வளக்குற ஜீன் ஒடம்பு முழுக்க இருக்கு. ஆனா நெஞ்சுலதான் கால் வரும். வயித்துல இன்னொரு ஜீன் அனுப்புற ஆளு வந்து அந்த ஜீன் பக்கத்துல நின்னு, நீ வேலைக்கு எறங்காதன்னு நிப்பாட்டிருவாரு."

"காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு, எந்த மலைக்கு யாருன்னு கங்காணி எங்களப் பிரிச்சு விடுற மாதிரி."

"அதேதான். கால் ஜீன்கிட்ட அவரு நிக்கிற எடம் இதுதான்னு நான் சொன்னேன். எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தர்ற சேர், இல்லவே இல்லைன்னாரு. அந்த எடத்த மட்டும் மாத்தி வச்சேன். நேத்துப் பாத்தா, வயித்துலயும் பச்சையா எரியுது!"

"கால் மொளைச்சிருச்சா?"

"இல்லக்கா, கால் வளக்கச் சொல்ற உத்தரவு அங்கயும் போயிருச்சுன்னு காட்டுறதுக்கு நான் ஒட்டி வச்ச வெளிச்சம்."

"சேர் என்னா சொன்னாரு?"

"மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு, இருட்டு ரூம்ல லைட்டப் போட்டுட்டுக் கைதட்டினாரு."

பஸ்ஸே திரும்பிப் பார்க்க அக்கா சிரித்தாள்.

"அடியே, கங்காணிக்கே நிக்க எடமில்லாமப் பண்ணிட்டியா? நாளைக்குப் பெரட்டுல எங்க கங்காணி மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்!"