சக்கரத்தின் பாதி வரை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நேற்று நீங்களும் சிரித்தீர்கள். நாட்டில் அடுத்த வருடம் எத்தனை கார் விற்கும் என்று சொல்வது என் வேலை. ஆனால் முப்பத்தோரு வருடமாகப் பஸ்ஸில்தான் அலுவலகம் போகிறேன். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எது புது வண்டி, எது கைமாறிய வண்டி, எந்த ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வாக்குமூலத்தை வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்றேன். மறுபேச்சில்லாமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், மேடம். நன்றி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தில் புள்ளிவிவரப் பிரிவுக்கு நான் தலைவர். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், டைப் செய்யும் ஓர் அம்மாள், சத்தம் போடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். ஒவ்வொரு ஜனவரியும் நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் போடுவோம். வரும் வருடத்தில் சந்தை எப்படி இருக்கும் என்று அதில் இருக்கும். முப்பத்தொன்பது பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஓர் எண் இருக்கும், அதை எல்லாரும் படிப்பார்கள். அமைச்சர் அதை அவையில் சொல்வார். டயர்க்காரர்கள் அதைப் பார்த்து ரப்பர் வரவழைப்பார்கள். கண்ணாடிக்காரர்கள் இன்னோர் உலையை மூட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

பதினோரு வருடம் அந்த எண் தப்பியதில்லை. தப்பினாலும் அரை சதவீதம், முக்கால் சதவீதம். அலுவலகத்தில் எனக்கு ‘ஜோசியர்’ என்று பட்டப்பெயர். கான்டீனில் இளசுகள் கையை நீட்டி, “சார், எனக்குக் கல்யாணம் எப்போன்னு பாருங்க” என்பார்கள். நானும் ரேகை பார்ப்பதுபோல் பாவனை செய்வேன். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். எனக்கு மனைவி மக்கள் இல்லை. சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் மீதி விளங்காது. ஆலை வாசலைத் தாண்டிய வண்டி எங்களுக்கு விற்ற வண்டி. அதை வாங்க ஓர் ஆள் வந்தாரா, மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனாரா என்றெல்லாம் நாங்கள் கேட்பதில்லை. வாசலில் எண்ணுவோம், அதோடு சரி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அப்படித்தான்.

போன வருடத்துக்கு ஒன்பது சதவீத வளர்ச்சி என்று எழுதியிருந்தேன். ஆறாம் மாதமே ஷோரூம்கள் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டன. ஆனால் ஆலைகள் என் எண்ணை நம்பி மூன்று ஷிஃப்ட் ஓட்டின. வாசலைத் தாண்டிய வண்டிகள் எங்கே போகும்? ஊருக்கு வெளியே மைதானங்களை வாடகைக்கு எடுத்து வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். வெயிலிலும் மழையிலும் நாற்பதாயிரம் வண்டிகள் நின்றன. காகிதத்தில் அத்தனையும் விற்றுப்போனவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானங்களுக்குப் பஸ் ஏறிப் போவேன். யாரும் அனுப்பவில்லை, மனசு கேட்கவில்லை. கால்வாயை ஒட்டிய மைதானத்தின் காவலர் அங்கேதான் பழக்கமானார். அவரைச் சாவிக்காரர் என்பார்கள். தகரக் கொட்டகைச் சுவர் முழுக்க ஆணி அடித்து, அத்தனை வண்டிச் சாவிகளையும் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை; அதில் தன் குண்டு குண்டு எழுத்தில் எந்த வரிசை, எத்தனையாவது வண்டி என்று குறித்திருப்பார். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வண்டியையும் உயிர்ப்பித்து நாலடி நகர்த்துவார். “நின்ன இடத்துலயே நின்னா டயர் செத்துடும் சார். மனுஷன் மாதிரிதான்” என்பார். வருகிற பெரிய ஆட்களெல்லாம் காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போவார்கள். நான் ஒருவன்தான் அவர் பெஞ்சில் உட்கார்ந்தவன்.

அவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு மதியம் டூட்டி முடிந்து வரும்போது அப்பாவுக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவாள். மூன்றாம் வாரத்திலிருந்து ஃபிளாஸ்க் பெரிதாகிவிட்டது, என்னையும் சேர்த்துதான். அவள் கணவன் கார் ஆலையில் பெயின்ட் பிரிவில் மூன்றாவது ஷிஃப்ட். என்னை அவள் பெரியப்பா என்று கூப்பிடுவாள். என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஒருநாள் கேட்டாள். “பெரியப்பா, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நான் எப்போ கார் வாங்குவேன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“வருஷக் கடைசிக்குள்ள” என்றேன்.

“பார்த்துக்கிட்டே இருங்கப்பா, தப்பாச்சுன்னா பெரியப்பாவைச் சும்மா விடமாட்டேன்” என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

பத்தாம் மாதம் மழை கொட்டியது. கால்வாய் உடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சாவிக்காரர் போன் செய்தார். “சார், எல்லாம் போச்சு சார். யாருக்குச் சொல்றதுன்னே தெரியல. உங்க நம்பர்தான் இருந்தது.”

சரியான ஆளிடம்தான் சொன்னார். மைதானத்து வண்டிகளைக் கவனிக்கும் சங்க இருப்புக் குழுவுக்கு நான்தான் செயலர். சேத அறிக்கையை மைதானக் காவலர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நான் வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். விதி ஒரே வரி: தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை என்றால் கழுவிக் காயவைத்து அனுப்பலாம், அதற்கு மேல் என்றால் வண்டியை உடைத்துவிட வேண்டும். இருக்கைக்கு அடியில்தான் ஒயர்கள் ஓடுகின்றன. சேறு புகுந்த ஒயர் உடனே கெடாது. அதற்கென்று ஒருநாள் வைத்திருக்கும்.

நான் போனபோது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரு வண்டியின் கதவைத் திறந்தேன். செம்மண் தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. கதவின் உள்பக்கம், இருக்கைக்கு ஒரு சாண் மேலே, சேற்றுக்கோடு பளிச்சென்று தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். அறுநூற்றுப் பதினான்கு வண்டிகள்.

நாற்பதாயிரத்தில் அறுநூற்றுப் பதினான்கு பெரிய விஷயமில்லை. ஆனால் அவற்றை உடைக்க ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டா போவார்கள்? பக்கத்து மைதானத்தையும் எண்ணுவார்கள். எண்ணினால் ஆலையை நிறுத்துவார்கள். கடைசி இரண்டு மாதம் வாசலை ஒரு வண்டிகூடத் தாண்டாது. என் ஒன்பது சதவீத வளர்ச்சி ஒன்பது சதவீதச் சரிவாகிவிடும்.

“தண்ணி எதுவரைக்கும்னு எழுதணும் சார்?” என்றார்.

“இப்போ எதுவரைக்கும் இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். “இப்போ பாதிச் சக்கரம். ஆனா சார், சீட்டுக்கு மேல ஏறிடுச்சு. நானே கொட்டகைக் கூரை மேல ஏறித்தான் உயிர் பிழைச்சேன்.”

“இப்போ இருக்கிறதை எழுதுங்க. இதுல பொய் ஒண்ணும் இல்லையே.”

அவர் பேனாவைத் திறக்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. “மாப்பிள்ளை மூணாவது ஷிஃப்ட்தானே? ஆலையை நிறுத்தினா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது அவங்களைத்தான். தொள்ளாயிரம் குடும்பம்” என்றேன். இது உண்மை. நான் அன்று சொன்ன எதுவுமே பொய் இல்லை.

அவர் எழுதினார். கையெழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் காட்டிய அறிக்கையில் இருப்பது அதுதான்.

வண்டிகளைக் கழுவினார்கள், ஊதிக் காயவைத்தார்கள், வாசனைத் திரவம் அடித்தார்கள். ஷோரூம்களுக்குப் போனவை போக, மிச்சத்தை ஆலைத் தொழிலாளர்களுக்கே சலுகையில் தள்ளினார்கள். பன்னிரண்டாம் மாதம் இருபத்திரண்டாம் தேதி காலையில் மறுபடி போன் வந்தது.

“சார், மாப்பிள்ளை வண்டி எடுத்துட்டு வந்திருக்காரு. பொண்ணுக்குத் தலைகால் புரியல. சாவிக்கொத்தைப் பார்த்தேன் சார். என் அட்டை தொங்குது. பதினாலாம் வரிசை, ஒன்பதாவது வண்டி. நம்ம மைதானத்து வண்டி சார்.”

அவள் கொண்டுவரும் ஃபிளாஸ்க் கண்முன் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நான் கல் இல்லை.

“சொல்லிடட்டுமா சார்? ஓட்டாதேன்னு சொல்லிடட்டுமா?”

சொன்னால் மாப்பிள்ளை ஏன் என்று கேட்பான். பெயின்ட் பிரிவில் பேசுவான். அன்று மாலைக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். வருடம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

“அவசரப்படாதீங்க. ஒன்பது நாள் பொறுங்க. நான் வேற வண்டி மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதான் சார்” என்றார்.

அன்று மதியம் அவளே பேசினாள். “பெரியப்பா, நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. வருஷம் முடிய ஒன்பது நாள் இருக்கு. ஜெயிச்சுட்டீங்க.” நான் வாழ்த்துச் சொன்னேன். பார்த்து ஓட்டும்மா என்றும் சொன்னேன்.

ஆறாம் நாள் காலை அவள் டூட்டிக்குப் போகும்போது மேம்பாலத்தின் நடுவில் வண்டி மொத்தமாக அணைந்துபோனது. பனிமூட்டம். பின்விளக்குகூட எரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் தன்மேல் தப்பில்லை என்று இன்னமும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பாவம், அவர்மேல் தப்பில்லைதான்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவளுடைய வெள்ளைக் காலணி கழுவிக் காயவைத்திருந்தது. சாவிக்காரர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பெற்ற மகளாக இருந்தாலும் அதற்கு மேல் அழுதிருக்க முடியாது. என் தோளைத் தட்டி அவர்தான் என்னைத் தேற்றினார்.

வருடம் 9.1 சதவீதத்தில் முடிந்தது. சங்கத்தில் எனக்கு ஒரு மேசைக் கடிகாரம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு மூன்று விபத்துகள், அவளோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். நீங்கள் தோண்டியெடுத்த அறிக்கையில் சாவிக்காரரின் கையெழுத்து மட்டும் இருந்தது. மூன்று வாரமாக அவர் உங்கள் காவலில் இருக்கிறார். தான் ஒருவனே செய்தது, யாரும் சொல்லிச் செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. தண்டனை வேண்டும் என்று கேட்கிற மனுஷன் அவர். போன வாரம் அவரைப் பார்க்க வந்தேன். ஆள் பாதியாகிவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வேற வண்டி கிடைக்க ஒன்பது நாள் ஆகும்னு யாரு சார் சொன்னது? கொஞ்சம் முன்னாடி கிடைச்சிருக்கக் கூடாதா?”

அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். வேறு வண்டிக்காக நான் யாரிடமும் பேசவில்லை. ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஒன்பது நாள் வண்டிக்காக அல்ல, எண்ணுக்காக. அவரை எழுதவைத்தது நான். அவர் வாயைக் கட்டியது நான். அவளைக் கொன்றது நான். மற்ற ஆறு பேரையும்தான்.

இத்துடன் அறுநூற்றுப் பதினான்கு வண்டிகளின் எண்களையும் இணைத்திருக்கிறேன். அன்று செருப்பு நனைய நின்று குறித்துக்கொண்டது. ஒரு வருடமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. அறுநூறு என்று சாவிக்காரர் சொல்லியிருப்பது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். மனசாட்சி என்றேன். அது உண்மை. இந்த வருடத்துக்கு ஆறு சதவீதச் சரிவு என்று நான் எழுதியிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஒன்பதாம் மாதம் வரை ஏற்றம்தான். “ஜோசியருக்கு வயசாயிடுச்சு” என்று கான்டீனில் என் காதுபடவே பேசுகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பட்டியல் வெளியே வந்தால் மைதானங்களை எண்ணுவார்கள், ஆலைகளை நிறுத்துவார்கள், வாங்க வருகிறவர்கள் பயந்து பின்வாங்குவார்கள். பஸ்ஸில் வரும்போது சும்மா மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். சரிவு 5.9 வருகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பட்டியலை இந்த மாதமே வெளியிட்டுவிடுங்கள், மேடம். தள்ளிப்போனால் அடுத்த வருடக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.