கப்பல்காரர்

பெட்ஷீட்டை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். தனியாக மடித்தால் ஒரு முனை எப்படியும் கோணிக்கொள்ளும். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் எங்கள் லாண்டரியில் ஆறு வருஷமாக எனக்கு எதிர்முனையைப் பிடித்தவள் பொடிசு. ஆள் குள்ளம், அதனால் அந்தப் பெயர். அவளும் அவள் மகளும் என் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார்கள். இந்த நாட்டில் தங்க அவளுக்கு அனுமதிப் பத்திரம் கிடையாது. அது தெரிந்துதான் வேலையும் வாங்கிக் கொடுத்தேன், இடமும் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

என் வீட்டுக்காரர் இறந்துபோய் நாலு வருஷம் கழித்து ஃபோனில் கப்பல்காரர் அறிமுகமானார். கப்பலில் இன்ஜினியர், மனைவியை இழந்தவர். தினமும் காலையில் "சாப்டாச்சா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் கேட்க ஆள் இல்லாமல் இருந்தது. பொடிசு கேட்பாள்தான். அது வேறு.

எட்டு மாதம் பேசினோம். ஒரு சமயம் துறைமுகத்தில் அவர் சாமான்களைப் பிடித்து வைத்தார்கள், இன்னொரு சமயம் உடம்புக்கு முடியாமல் போனது. ஒவ்வொரு தடவையும் பணம் அனுப்பினேன். வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் அதில் கரைந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது பொடிசு தன் ஃபோனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கப்பல்காரர் எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த அதே முகம், அதே நரைத்த தாடி, வேறு பெயர். ஏதோ தூர தேசத்துப் பல் டாக்டர். பக்கத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாரோ ஒருத்தரோட போட்டோவ எடுத்துப் போட்டிருக்கான். உங்கள நல்லா ஏமாத்துறான்க்கா."

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"ஒரு மாசமா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஒரு மாசம். என் எதிரில் நின்று பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாசமாக என்னைப் பார்த்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டிருக்கிறாள். கூட இருந்தே குழி பறிப்பது என்றால் இதுதான். கப்பல்காரர் ஒரு நாளும் என்னை அப்படி அவமானப்படுத்தியதில்லை. அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உன் சந்தோஷத்தப் பாத்து யாருக்கோ வயிறு எரியுது" என்று மட்டும் எழுதினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

திருட்டுத்தனமாக வந்து தங்குகிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டீர்கள். நான் பதினொரு வருஷம் வரிசையில் கால் கடுக்க நின்று இங்கே தங்கும் அனுமதி முத்திரை வாங்கியவள். வாசல் வழியாக வந்தவளும் வேலி தாண்டி வந்தவளும் ஒன்றாகிவிட முடியாது. டிவியில் அந்தப் பேச்சு வந்தால் முன்பெல்லாம் பொடிசுக்காகச் சத்தத்தைக் குறைப்பேன். அதன் பிறகு குறைக்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொது. அந்த வாரத்திலிருந்து இதுதான் என் அபிப்பிராயம்.

பொடிசுக்கு வரும் தபால் என் முகவரிக்குத்தான் வரும். இங்கேயே தங்க அனுமதி கேட்டு அவளே ஒரு மனு எழுதிப் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வாரம் பதில் வந்தது. பிரித்துப் படித்தேன். மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இருபது நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் ரத்து.

வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல, "அக்கா, எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்றாள்.

"ஒண்ணும் வரலம்மா."

இருபது நாளும் அதையே சொன்னேன். அவளும் இருபது நாளும், "சரிக்கா, வரும்போது வரட்டும்" என்று சிரித்தாள்.

இருபத்தோராம் நாள் குடியேற்ற அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். லாண்டரியின் முகவரி, அவள் ஷிஃப்ட், நிற்கும் மேசை எல்லாம் சொன்னேன். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாக வரச் சொன்னதும் நான்தான். பிள்ளை பார்த்து பயந்துவிடக் கூடாது.

கூட்டிக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, பாப்பாவ ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். கூட்டி வந்தேன். மறுநாள் அதையும் அரசாங்கக் குழந்தைகள் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். பொடிசை விமானம் ஏற்றியாகிவிட்டது. குழந்தை இன்னும் விடுதியில்தான் இருக்கிறதாம்.

பிறகு, மோசடிக் கும்பல் பிடிபட்டது, பணம் அனுப்பிய ரசீதுகள் வேண்டும் என்று போலீஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள். இழுப்பறையைத் திறந்து காட்டியது நான்தான். அந்தக் கடிதம் அங்கே கிடந்தது. ஆமாம், அதை மறைத்தது நான். அவள் கேட்டபோதெல்லாம் பொய் சொன்னதும் நான். தெரிந்தே செய்தேன்.

நீங்கள் காட்டிய படத்தையும் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் எனக்கு எழுதியது அவர்தான் என்கிறீர்கள். அந்தக் கும்பல் அவரை நல்ல வேலை என்று ஆசை காட்டி எல்லை தாண்டிக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, பூட்டிய கட்டடத்தில் அடித்து எழுத வைத்தார்களாம். இப்போது எந்த நாட்டு ஆள் என்று நிரூபிக்கக்கூட அவரிடம் ஒன்றுமில்லையாம்.

நல்ல மனுஷர் என்று எனக்கு அப்போதே தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அவரை இங்கே வரவழைக்க ஏதாவது வழி பாருங்கள். கையில் ஒரு காகிதம் இல்லை என்பதற்காக ஒருவரை அப்படியே விட்டுவிட நமக்கு எப்படி மனசு வரும்?