சேர்மன் சிரித்த திரை

உங்கள் ஓமான் போலீஸ் ஸ்டேஷனில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. எங்கள் ஆபீஸ் ஏசி சத்தம் போடுவதோடு சரி. மொழிபெயர்க்கும் மலையாளி அண்ணன் சிரமப்படக் கூடாது என்பதால் மெதுவாகவே சொல்கிறேன்.

இந்த 2009 கோடைக்கென்று சோஹாரில் எங்கள் கட்டுமானக் கம்பெனி ஃபோர்மேன்களுக்கெல்லாம் புதுப் போன் கொடுத்தது. வெயில் அளவு மீறினால் ஒரு மெசேஜ் வரும். அதிலுள்ள லிங்க்கைத் தொட்டால் எங்கள் ஆப் திறந்து, நேராகச் சிவப்புத் திரைக்குப் போக வேண்டும். சிவப்பு வந்தால் ஆட்களை நிழலுக்கு அனுப்ப வேண்டும். இங்கிலீஷ் தெரியாத ஃபோர்மேன்களுக்கு நிறத்தை வைத்தே பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆப்பின் முதல் பக்கத்தில் சேர்மன் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருப்பார். வெயிலுக்கும் அவருக்கும் அவ்வளவுதான் உறவு.

ஆப்பை மாற்றும்போதெல்லாம் லிங்க் சரியான இடத்துக்குப் போகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தாவு தீர்ந்துவிடும். அதனால் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது தானே போனை இயக்கி, லிங்க்கைத் திறந்து, ஆப் திறந்ததா என்று பார்க்கும். பிறகு, வந்தது சிவப்புத் திரைதானா என்று பார்க்கும். எல்லாம் சரியென்றால் கணினியில் பச்சை டிக் விழும். வெள்ளிக்கிழமை விடுமுறைகூடப் பார்க்காமல் எழுதினேன்.

முகம்மது ரிபாய் என் அறைத்தோழன். அவனை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்ததே நான்தான். நன்றாக இங்கிலீஷ் பேசுவானே என்று, என் ஸ்கிரிப்டைச் சேர்மனுக்கு விளக்கிச் சொல்ல அவனை அனுப்பினேன். திரும்பி வரும்போது அவன் சீஃப் ஆட்டோமேஷன் ஆர்க்கிடெக்ட் ஆகியிருந்தான். பதவியின் நீளத்துக்கு விசிட்டிங் கார்டு போதவில்லை.

"என் பேரை ஏன்டா சொல்லலே?" என்றேன்.

"மாப்ளே, சேர்மன்கிட்டே ரெண்டு பேர் பேரைச் சொன்னா அவருக்குக் குழம்பிடும்டா. நமக்குள்ள நீ என்ன, நான் என்ன? யல்லா, வா, பிரியாணி வாங்கித் தாரேன்."

வாங்கிக் கொடுத்தான். நானும் சாப்பிட்டேன். மறுநாள் ஸ்கிரிப்டிலிருந்து ஒரு வரியை எடுத்தேன். வந்தது சிவப்புத் திரைதானா என்று பார்க்கிற வரி. நான் எதையும் சேர்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எந்தத் திரை வந்தாலும் பச்சைதான்.

ஜூனில் வேறு யாரோ ஆப்பைத் திருத்தியபோது லிங்க் தடம் மாறிப்போனது. கையால் தொட்டுப் பார்த்தேன். ஆப் திறந்தது, சேர்மன் சிரித்தார். ஸ்கிரிப்டை ஓட்டினேன். பச்சை. எனக்குப் பரம திருப்தி. சேர்மன் பார்வையிட வருவார், போனைத் தொடுவார், ரிபாயின் சீஃப் பட்டம் சந்தி சிரிக்கும் என்று இருந்தேன். சேர்மன் வந்தார். போனை யாரும் தொடவில்லை. பச்சை டிக்குகளைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார்கள், கைதட்டினார்கள். அந்த ஆப் அப்படியே சைட்டுக்குப் போய்விட்டது. இது என் திட்டத்தில் இல்லை. ஆனால் எடுத்துச் சொல்ல நானா சீஃப்?

அவன் மானம் போக இனி ஒரு நல்ல வெயில் போதும். தினமும் வெப்பநிலையைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

அந்த வெயில் வந்த அன்று, கம்பி கட்டும் கார்மேகம் மொட்டைத் தளத்தில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபோர்மேன் சோலையப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் வந்துச்சு தம்பி, அமுக்குனேன். மொதலாளி சிரிச்சாரு. செவப்பு வரலியே. வேலையைப் பாருங்கடான்னுட்டேன்."

கார்மேகம் பிழைக்கவில்லை.

ரிபாய் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஸ்கிரிப்டைப் படித்தான். வெகுநேரம் படித்தான். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "அந்த வரியை நீயா மாப்ளே எடுத்தே?" என்றான். ஆமாம் என்றேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சதோட போகட்டும். வேற யார்கிட்டேயும் வாயைத் திறக்காதே. உங்க அம்மா தாங்க மாட்டாங்கடா," என்றான்.

அப்புறம் நீங்கள் வந்து, இந்தச் சோதனை ஸ்கிரிப்டை எழுதியது யார் என்று கேட்டீர்கள். நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "முழுக்க நான்தான், சார். வேற யாருக்கும் இதிலே சம்பந்தம் இல்லே," என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

எழுதியவன் நான். வரியை எடுத்தவன் நான். லிங்க் தவறான இடத்துக்குப் போகிறது என்று தெரிந்தே, வெயில் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தவனும் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு சாவு விழுந்த இடத்தில்கூட என் பெயரைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, பாருங்கள்.