கடை மடிப்பு

கள்ளக்குறிச்சி, 06.08.2025, புதன்கிழமை, காலை 11.20 மணி. வேலை செய்த சிறுமி தனுஷா தொடர்பாக நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: ஆனந்தமேரி. வயது: 41. கணவர்: கிறிஸ்துதாஸ், உயிருடன் இல்லை. இருப்பிடம்: மாதா கோயில் தெரு, வடக்கனந்தல். தொழில்: ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளர், தற்சமயம் வேலை இல்லை.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை நான் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம் என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். நான் யோசித்தது போதும். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இங்கே அனுப்பவில்லை. ஆசை காட்ட வந்த ஆளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சி செம்பவளம் ஜவுளி மாளிகையில் ஒன்பது வருடமாக வேலை பார்த்து வந்தேன். கடையின் உரிமையாளர் தீனதயாளன் என்பவர். கடை மூன்று மாடி. இரண்டாம் மாடியில் இருக்கும் சேலைப் பிரிவு என் பொறுப்பு. அந்தப் பிரிவில் முப்பத்திரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பதினோரு பேருக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. அந்தப் பதினோரு பேரில் மூன்று பேருக்குப் பதினான்குகூட நிரம்பவில்லை. பதினோரு பேரும் கல்வராயன் மலைப் பிள்ளைகள். அவர்களைக் கூட்டி வந்தது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பேருந்தில் மலைக்குப் போய், தாய் தகப்பன் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் வீடுகளாகப் பார்த்து, ஏசி கடை, வெயில் படாத வேலை, மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அதன் பிறகு முதலாளி சொன்னபடி அவர்களுடைய ஆதார் நகலில் பிறந்த வருடத்தைத் திருத்தி, திருத்தியதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தேன். திருத்திய எழுத்து என்னுடையது. இதை நான் மறைக்கவில்லை.

பிள்ளைகள் காலை ஒன்பதரை முதல் கடை மூடும்வரை நின்றுகொண்டே வேலை செய்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி நாற்பது ஸ்டூல் வாங்கினார். அவை குடோனில், மேலே சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்காமல் இன்றைக்கும் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்களின் குழந்தைகள் விளையாட ஒரு இடம் உண்டு, தொட்டி நிறையப் பிளாஸ்டிக் பந்துகள். சனி, ஞாயிறுகளில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள தனுஷா என்ற பிள்ளையை அனுப்புவேன். தனுஷாவுக்கு வயது பதின்மூன்று. கரியாலூர் பக்கம் இருசப்பன் என்பவருடைய மகள். ஒருநாள் அவள் என்னிடம், "மேரிக்கா, கடை மூடனப்புறம் ஒரு தபா அதுல எறங்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். கேமரா இருக்கிறது, கம்முனு வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரிகள் யாராவது சோதனைக்கு வந்தால் கீழேயிருந்து எனக்குப் போன் வரும். உடனே பதினோரு பிள்ளைகளும் சீருடையைக் கழற்றிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சொந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு கடைப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வயதில் மூத்த விற்பனைப் பெண்கள் அவர்கள் முன்னால் சேலைகளை விரித்துப் போடுவார்கள். யார் கேட்டாலும் அம்மாவுக்குச் சேலை எடுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். இந்த யோசனை என்னுடையது. இதற்காக முதலாளி எனக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்துப் பாராட்டினார். அந்தச் சேலையை இன்று காலை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

இந்நிலையில் சென்னையில் உள்ள பெரிய வணிக நிறுவனம் ஒன்று எங்கள் கடையோடு கூட்டுச் சேர்வதாக இருந்தது. கடை குழந்தைகள் உரிமையை மதிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். 09.07.2025 புதன்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து பிரின்சி என்ற பெண் வந்தார். பிள்ளைகள் வழக்கம்போல வாடிக்கையாளர்களாக உட்கார்ந்தார்கள். பிரின்சி ஒரு உடன்படிக்கையைப் படித்துக் காட்டினார். பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளை யாராவது கடையில் வேலை செய்தது எப்போது தெரியவந்தாலும், அந்தப் பிள்ளையைத் துரத்திவிடக் கூடாது, பதினெட்டு முடியும்வரை படிப்பைக் கடை ஏற்க வேண்டும், வேலையால் உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் முழு வைத்தியத்தையும் கடை ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "நம்ம கடையில அந்தப் பிரச்சனையே கெடையாதுங்க மேடம்" என்றார். அந்தச் சமயம் தனுஷாவின் முன்னால் விரித்திருந்த சேலை ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் பழக்கதோஷத்தில் அதைக் குனிந்து எடுத்து, நடுவைத் தாடையில் இடுக்கி, இரண்டு கையையும் கொண்டுவந்து சேர்த்து, உள்ளே அட்டையைச் சொருகி, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டாள். கண் இமைக்கும் நேரம்தான். அது கடை மடிப்பு. சேலை எடுக்க வந்தவர்கள் யாரும் விலைச்சீட்டை வெளியே வைத்து மடிக்க மாட்டார்கள். பிரின்சி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. முதலாளி கவனித்துவிட்டார்.

பிரின்சி போனதும் முதலாளி மேலே வந்து எல்லோர் முன்னாலும், "இன்னாடி, கை அரிக்குதா? இனிமே நீ தரையிலயே நிக்கக் கூடாது, ஏணி மேலயே இரு" என்று சொன்னார். அதன் பிறகு தனுஷாவை மேல் அடுக்கிலிருந்து கட்டு எடுத்துப் போடும் வேலைக்கு ஏற்றினோம். கழிவறைக்கு இறங்கினால் திட்டு விழும் என்பதால் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 11.07.2025 வெள்ளிக்கிழமை மாலை சுமார் நான்கரை மணிக்கு மயங்கி, ஒன்பதடி உயரத்திலிருந்து விழுந்தாள். இடுப்பிலும் இடது தொடையிலும் எலும்பு உடைந்தது. ஆட்டோ கூப்பிடுவதற்கு முன்னால் அவளுடைய சீருடையை மாற்றச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். எலும்பு உடைந்து கிடந்த பிள்ளையின் காலைத் தூக்கி நான்தான் மாற்றினேன். அவள் கத்தவில்லை. என் கையைக் கடித்துக்கொண்டாள். பல் பட்ட தழும்பு வலது மணிக்கட்டில் இருப்பதை நடுவர் அவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு அவள் பெயரில் ஒரு சேலைக்குப் பில் போட்டு, பையில் வைத்து, ஆட்டோவில் அவள் பக்கத்தில் வைத்தார்கள். அரசு மருத்துவமனைப் பதிவில், சேலை வாங்க வந்த இடத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவள் என்று எழுதப்பட்டது. அப்படி எழுதச் சொன்னதும் நான்.

மறுநாள் முதலாளியிடம் போய், பிள்ளைக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "மலைக்காரப் பொண்ணுதான மேரி, எதுனா பச்சலை வச்சிக் கட்டிக்குவாங்க. நீ ஆடித் தள்ளுபடி வேலையப் பாரு" என்றார். அதுவரை எனக்கு இருந்தது பயமும் வெட்கமும். அந்த வார்த்தைக்குப் பிறகு அவை இரண்டும் போய்விட்டன. இந்த ஆளை நாசமாக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்த வரியை விட்டுவிடலாமா என்று எழுதுபவர் கேட்டார். விட வேண்டாம் என்று சொன்னேன்.

அன்றைக்கே நான் புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அபராதம் கட்டிவிட்டு வெளியே வருவார், பிள்ளைகள் வெறுங்கையோடு மலைக்குப் போவார்கள். பிரின்சி படித்த உடன்படிக்கை என் நினைவிலேயே இருந்தது. முதலாளி அதில் கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருந்தேன். பதினெட்டு நாள் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டு, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டு, தனுஷா நின்ற ஏணியில் இன்னொரு பிள்ளையை ஏற்றாமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

29.07.2025 செவ்வாய்க்கிழமை காலை விழா. வாசலில், "குழந்தைகள் உரிமையை மதிக்கும் கடை" என்று பலகை தயாராக இருந்தது. முதலாளி தன் பெருமையைக் காட்ட, தொழிலாளர் துறை அதிகாரியையும் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியையும் தானாகவே அழைத்திருந்தார். சேலைப் பிரிவிலேயே மேசை போட்டார்கள். மீதிப் பத்துப் பிள்ளைகளும் வாடிக்கையாளர்களாக உட்கார வைக்கப்பட்டார்கள். அன்று காலை சாப்பாட்டு அறையில் நான் அவர்களிடம், சார் கையெழுத்துப் போட்டதும் என் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன், அப்போது உங்கள் முன்னால் கிடக்கும் சேலைகளை எல்லாம் கடை மடிப்பாக மடியுங்கள், ஒருத்தியும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஜெயசுதா என்ற பிள்ளை மட்டும், "சார் அடிச்சா?" என்று கேட்டாள். நான் முன்னால் நிற்பேன் என்று சொன்னேன்.

பதினொன்று பத்துக்கு முதலாளி உடன்படிக்கையின் ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பிரின்சியும் போட்டார். கை தட்டினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். பத்துப் பிள்ளைகளும் எழுந்து மடிக்க ஆரம்பித்தார்கள். விரித்துப் போட்டிருந்த சேலைகள் இருநூறுக்குக் குறையாது. தாடையில் இடுக்கி, அட்டை சொருகி, விலைச்சீட்டு வெளியே, தட்டு, அடுக்கு. யாரும் பேசவில்லை. முதலில் முதலாளி, "ஏய், உக்காருங்க" என்றார். பிள்ளைகள் உட்காரவில்லை. அதன் பிறகு அதிகாரிகளைப் பார்த்து, "இவங்கல்லாம் கஸ்டமருங்க" என்றார். பிரின்சி ஜெயசுதாவிடம் போய் இந்த மடிப்பை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க, அவள், "மேரிக்கா" என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்க, "போன வருசத்துத் தீபாவளிலேந்து" என்றாள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மூஞ்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்று வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்து, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அந்தப் பத்துப் பிள்ளைகளையும் அதிகாரிகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். முதலாளி என்மேல் ஒரு புகார் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் சேலை வாங்க வந்தவர்கள் என்றும், தன்மேல் இருந்த விரோதத்தால் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நாடகம் ஆடியதாகவும் அதில் உள்ளது. பிள்ளைகள் வேலை செய்யவில்லை என்று ஆகிவிட்டால் அந்தக் கையெழுத்தால் பயன் இல்லை, தனுஷாவுக்கு வைத்தியமும் கிடையாது. 01.08.2025 அன்று அவருடைய வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். விரோதத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கி, வேறு கடையில் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னார். இல்லையென்றால், "ஆதார்ல இருக்கிறது உன் கையெழுத்தும்மா, மொத அக்யூஸ்டு நீதான்" என்றார். நான், "மொத பேரு என்னுதே போடுங்க. ரெண்டாவது பேருக்கு எடம் வுட்டு எழுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்கு முதலாளிமேல் விரோதம் உண்டா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். உண்டு. நிறையவே உண்டு. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

தனுஷா 30.07.2025 அன்று மருத்துவமனைக் கட்டிலில் வைத்துப் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தில், தான் சேலை வாங்க வந்ததாகவும் படிக்கட்டில் விழுந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். முதலாளி பக்கத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் 02.08.2025 அன்று அவளைப் பார்க்கப் போனேன். குடகிலிருந்து வந்திருந்த அவள் தாய் பூமாலை என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். உண்மையைச் சொல்லிவிடு என்று தனுஷாவிடம் சொன்னேன். அவள், "நீங்கதானக்கா சொன்னீங்க, உசுரே போனாலும் கஸ்டமர்னுதான் சொல்லணும்னு. மத்த புள்ளைங்களுக்கு வேலை போயிடும்ல" என்றாள். அவர்கள் எல்லோரும் காப்பகத்தில் இருக்கிறார்கள், இனி யாருக்கும் அங்கே வேலை இல்லை என்று சொல்லியும் அவள் நம்பவில்லை. நான் சோதனை வைப்பதாக நினைத்துக்கொண்டு, மறுபடியும் அதையே சொன்னாள். அம்மாவுக்கு எடுக்க வந்த சேலையின் நிறத்தைக்கூடச் சொன்னாள்.

ஆகவே அவளுடைய வாக்குமூலத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நான் அவளுக்கு மனப்பாடம் செய்வித்தது. அவள் அந்தக் கடையில் ஒரு வருடம் இரண்டு மாதம் வேலை செய்தாள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அவள் சொன்னதைத் தள்ளிவிட்டு நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தலைப்புப் பத்தியில், பழைய காகிதங்களைப் பார்த்து, "சேலை வாங்க வந்த சிறுமி தனுஷா தொடர்பாக" என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, "வேலை செய்த சிறுமி தனுஷா தொடர்பாக" என்று மாற்றச் சொல்லி, மாற்றிய இடத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கையொப்பம் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நடந்தபடியே இருக்கின்றன.

(ஒப்பம்) ஆனந்தமேரி