பதினேழு பெங்குவின் உடைகள்

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, மேடம். வீட்டில் துவைப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வெந்நீர் பட்டால் ரத்தம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு என்ன செய்தாலும் போகாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். புல் கறை என்றால் வினிகர். இருபத்தாறு வருடமாக எங்கள் ரக்பி கிளப்பின் ஜெர்சிகளை நான்தான் துவைக்கிறேன். ஒரு ஜெர்சிகூடக் கறையோடு திடலுக்குப் போனதில்லை.

உங்கள் பதிவுக் கருவி ஓடுகிறதல்லவா? சரி. பெயர் ராய்ஸ் டன்ஸ்டன், வயது ஐம்பத்தெட்டு. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த ஆட்டக்காரர்களை மக்கள் திடலில் பார்க்கிறார்கள், கைதட்டுகிறார்கள். இவர்கள் கழற்றிப்போட்டதைக் குனிந்து பொறுக்குகிறவனுக்குத்தான் இவர்கள் யார் என்று தெரியும். வெளியூர் ஆட்டம் ஒன்றின்போது ஹோட்டல் அலமாரியைக் கழிப்பறையாக்கிவிட்டு அதிலேயே சாய்ந்து தூங்கியவன் இன்று தொலைக்காட்சியில் வர்ணனை செய்கிறான், கழுத்தில் டை கட்டிக்கொண்டு. அன்று அதைக் கழுவியது நான். கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவினேன், ஆனாலும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கு இவர்களைக் கண்டால் குமட்டும், மேடம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், பிறகு யார் கழுவுவது?

கறை மட்டும் அல்ல, மற்றதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அறை சுத்தம் செய்ய வந்த பெண் அழுதுகொண்டு வெளியே ஓடினாள் என்றால், மறுநாள் காலை ஒரு பூங்கொத்தும் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஜெர்சி ஒன்றும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். பொறுமையாக உட்கார்ந்து பேசுவேன். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். வாங்காதவர்களுக்கு இது சின்ன ஊர் என்று ஞாபகப்படுத்துவேன். கரும்பாலை மூடிய பிறகு இந்த ஊருக்கு மிச்சம் இருப்பது இந்த கிளப் ஒன்றுதான் என்பேன். அது பொய்யும் அல்ல.

கிறுக்குத் திங்கள் பற்றி உங்களுக்குத் தெரியும். சீசன் முடிந்த திங்கட்கிழமை பையன்கள் வேஷம் போட்டுக்கொண்டு பகல் முழுக்கக் குடிப்பார்கள். அன்றைக்கு இரண்டு விதிகள். காலையிலேயே எல்லோரும் கைப்பேசியை என் வாளியில் போட்டுவிட வேண்டும், படம் எதுவும் வெளியே போகக்கூடாது. பொழுது சாயும்வரை எவனும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தவன் அடுத்த சீசன் முழுக்க மற்றவர்களின் பூட்ஸைத் துடைக்க வேண்டும். போன வருடம் பெங்குவின் வேஷம். பதினேழு உடை, எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், தலைக்குப் பெரிய மூக்கு வைத்த மூடி. யாருடையது எது என்று குழம்பக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டையிலும் ஜெர்சி எண்ணை நாடாவில் எழுதித் தைத்தேன். கேப்டன் கானர் ஆல்டிஸுக்கு ஏழு. மனாசேக்கு இரண்டு.

ஆற்றங்கரை பப்பில் கொண்டாட்டத்தை வைத்திருந்தோம். அங்கே பரிமாறுகிற பெண் டெல்லா ரினால்டி, கரும்பு பயிரிடும் இத்தாலியக் குடும்பம், இருபத்தாறு வயது. நாங்கள் உள்ளே போகும்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பசங்கள கொஞ்சம் அடக்கி வைங்க ராய்ஸ். போன வருசம் என் ஷூவைப் பிடுங்கி அதுல பீர் ஊத்திக் குடிச்சானுங்க. நான் வெறுங்காலோட வீட்டுக்குப் போனேன்."

"இந்த வருசம் ரெண்டு ஜோடி கொண்டு வந்திருக்கலாம்ல," என்றேன். சிரித்துவிட்டாள்.

மனாசே டோங்கா தீவுக்காரன். இருபத்துநான்கு வயது, குடிக்க மாட்டான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். அழுக்குத் துணியை மடித்து வைப்பவன் என் இருபத்தாறு வருடத்தில் அவன் ஒருவன்தான். சனிக்கிழமை ஆட்டத்தில் எவனோ ஒருவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்து, எழுந்தும் நேராக நிற்க முடியாமல் தள்ளாடினான். டாக்டர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டதோடு விட்டுவிட்டார். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவன் என்னிடம் வந்தான். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"அங்கிள், தலை வெடிக்குது. உங்க வேன்ல கொஞ்சம் படுத்துக்கட்டுமா? பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, அடுத்த வருசம் பூரா பூட்ஸ் தொடைக்க விட்டுருவானுங்க."

வேனைத் திறந்து துண்டுகளை விரித்துக் கொடுத்தேன். பெங்குவின் உடையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தான், படுத்ததும் தூங்கிவிட்டான். ஐந்து மணிக்கு நானே எழுப்பி, உடையை மாட்டி உள்ளே அனுப்பினேன். அவன் போனதும் வந்ததும் ஒருவருக்கும் தெரியாது.

இடையில், மூன்றே காலுக்கு, டெல்லா பீர் எடுக்கப் பின்பக்கக் குளிர் அறைக்குப் போனாள். ஒரு பெங்குவின் அவள் பின்னால் போனது. பதினோரு நிமிடம். மணிக்கட்டு முறிவு, முன்பல் இரண்டு, மற்றது மருத்துவ அறிக்கையில் இருக்கிறது, நான் படிக்கவில்லை. முகத்தை அவள் பார்க்கவில்லை. இழுபறியில் உடையின் இடது சிறகு தோள்வரை கிழிந்தது, அதை மட்டும் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பின்வாசல் வழியாகவே வெளியேறினாள், இரவில்தான் போலீசுக்குச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே பதினேழு உடைகளையும் துவைத்துவிட்டேன். பச்சைத் தண்ணீரில்தான். வாந்தியும் பீரும் ஊறிய உடையை இரவு முழுக்க வைத்திருக்க என்னால் முடியாது, யார் சொன்னாலும் முடியாது. செவ்வாய் காலை கானர் சலவை அறைக்கு வந்தான். கையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, தாடையில் தக்காளி சாஸ் வழிந்திருந்தது.

"கிழிஞ்சிருக்கா?"

"தோள் வரைக்கும்."

"தைச்சிரலாம்ல பெருசு?"

"தைச்சா தையல் தெரியும்டா."

மீதிப் பேஸ்ட்ரியை வாய்க்குள் திணித்துக்கொண்டான். மென்றுகொண்டே பேசினான். "நீதான் எதாச்சும் பண்ணணும். வியாழக்கிழமை தேசிய டீமை அறிவிக்கிறாங்க. அந்தப் பொண்ணு வேற ஓவரா பேசுறா."

அவன் முகத்தில் துப்ப வேண்டும்போல இருந்தது, மேடம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் பெயரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் ஆயுள் தடை, கிளப்பின் உரிமமும் அதோடு போகும் என்று போட்டிகளை நடத்தும் லீக் எழுதியே கொடுத்திருந்தது. ஒரு மிருகத்துக்காக ஊரையே பட்டினி போடுவதா? எவனோ ஒருவன் போக வேண்டியிருந்தது. பதினாறு பேரும் ஒருவன் கண்ணெதிரே ஒருவன் இருந்தவர்கள், ஒருவனுக்கு ஒருவன் சாட்சி சொல்வான். அந்த நேரத்தில் அங்கே இல்லாதவன் ஒருவன்தான். கானர் எந்த எண்ணையும் சொல்லவில்லை, அதை நீங்கள் அவனுக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்தது நான். ஏழாம் எண் நாடாவையும் இரண்டாம் எண் நாடாவையும் பிரித்தேன், மாற்றித் தைத்தேன், பழைய ஊசித் துளையிலேயே நூல் ஓடும்படி. பத்து நிமிட வேலை.

மதியம் லீக் அதிகாரிகள் வந்தார்கள். உடைமாற்றும் அறையில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, கடைசிவரை எல்லோரும் பாரில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். எல்லோரும் ஆம் என்றார்கள். மனாசேயும் ஆம் என்றான். சக ஆட்டக்காரர்கள் முன்னால், நழுவிப் போய்த் தூங்கினேன் என்று ரக்பி ஆடுகிறவன் எவனும் சொல்ல மாட்டான். இதை நான் எதிர்பார்த்தேன்.

புதன்கிழமை கிழிந்த உடையில் இரண்டாம் எண் இருக்கக் கண்டார்கள். அப்போதுதான் வேனில் தூங்கியதைச் சொன்னான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேன் பூட்டியிருந்தது, சாவி என் பையில் இருந்தது என்றேன். முந்தின நாள் ஒன்று, இன்று ஒன்று என்று அவன் மாற்றிப் பேசியதாக எழுதிக்கொண்டார்கள். போதுமான சான்று இல்லையென்று போலீஸ் வழக்குப் போடவில்லை. லீக்குக்கு அவ்வளவு சான்று தேவைப்படுவதில்லை. வியாழன் காலை கிளப் அவனை நீக்கியது, லீக் பத்து வருடத் தடை விதித்தது. ஒப்பந்தம் போனதும் விசாவும் போயிற்று. அன்று மாலை கானர் தேசிய அணியில் வந்தான், பப்பில் இலவசமாகக் குடித்தார்கள்.

ஊரைவிட்டுப் போகுமுன் மனாசே என் வீட்டுக்கு வந்தான். கிளப் கொடுத்த துணி முழுவதையும் துவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தான்.

"அங்கிள், வேன்ல நான் தூங்கிட்டு இருந்தேன்ல? நீங்கதான துண்டு விரிச்சீங்க?"

"அது போன மாசம்ப்பா. அந்த வெளியூர் ஆட்டத்துல."

"இல்ல அங்கிள். திங்கக்கிழமைதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சனிக்கிழமை அடி பட்டுச்சே, அப்புறம் ஆட்டம் எப்படி முடிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். ஞாபகம் இல்லை என்றான். எங்கள் அணி ஜெயித்ததா தோற்றதா என்பதையே மறுநாள் அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டானாம். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். தலையில் அடிபட்டவர்களுக்கு நாள் குழம்பும், செய்தது மறந்துபோகும், செய்யாதது ஞாபகம் வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இதுவும் பொய் அல்ல, டாக்டர்களே சொல்வதுதான். குடிக்காமலே கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அங்கிள், அப்போ நான் பண்ணியிருப்பேனா?"

"இருக்கலாம்ப்பா. உனக்கே தெரியாம."

அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். டெல்லாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், ஆங்கிலம் சரியாக வராது, உதவி செய்யுங்கள் என்றான். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டான். உங்கள் கோப்பில் அவனுடைய ஒப்புதல் என்று வைத்திருப்பது அந்தக் கடிதம்தான்.

இப்போது கானர் வேறு ஊரில், வேறு பப்பில், அதையே செய்திருக்கிறான். இந்தத் தடவை மேலே கேமரா இருந்ததாம். பிடிபட்ட ஒரு மணி நேரத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டான். அவனுக்காக நான் எவ்வளவு கழுவினேன், ஒரு வருடம் ஒழுங்காக இருக்க முடியவில்லை. அருவருப்பாக இருக்கிறது, மேடம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பதினோரு நிமிடம் என்று எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் அறைக் கதவுக்கு உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு, எவரும் உள்ளே மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. அதைத் தள்ளினால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கதவு சிக்கிக்கொண்டது என்று டெல்லா தன் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாள். சிக்கவில்லை. "பெருசு, எவனும் வராம பாத்துக்க" என்று கானர் சொல்லிவிட்டுப் போனான், நான் கதவில் தோளைக் கொடுத்து நின்றேன். பதினோரு வருடம் ரக்பி முன்வரிசையில் நின்று, ஸ்க்ரம்மில் எதிரணியைத் தோளால் தள்ளியவன் நான், ஒரு பெண் உள்ளிருந்து தள்ளுவது எனக்குப் பெரிய பாரம் அல்ல. நான்கு முறை தள்ளினாள். மூன்றாவது முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அந்த இடத்தில் குடிக்காமல் இருந்த பெரியவன் நான் ஒருவன்தானே. பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு வீணாக நம்பிக்கை வந்திருக்கும்.

எல்லாம் சொல்லிவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மனாசேக்கு இன்றே செய்தி அனுப்பப்போவதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் ஒரு முறை யோசியுங்கள். அவன் அப்பா எட்டு மாதம் அவனோடு பேசவில்லையாம். பிறகு அவன் சர்ச்சில் ஊர் முன்னால் எழுந்து நின்று, செய்ததைச் சொல்லி அழுதிருக்கிறான், அப்பாவும் வந்து கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது தோட்டத்தில் கிழங்கு நடுகிறான், ராத்திரியில் தூக்கம் வருகிறதாம். கிறிஸ்துமஸுக்கு எனக்கு அட்டை போட்டான், நன்றி அங்கிள் என்று. தான் செய்ததை ஒத்துக்கொண்டு ஒருவன் நிம்மதியாக இருக்கிறான், மேடம். அதைப் போய்க் கலைப்பது நியாயமா?