நாலாவது கவுன்சலர்

ஸ்வர்ணலதா: கதவை ஏன்டி அப்படி அறையுற? கார் என்ன பண்ணுச்சு உன்னை?

வர்ஷினி: வண்டியை எடுங்க அண்ணி.

ஸ்வர்ணலதா: எங்க எடுக்கிறது? முன்னாடி ஸ்கூல் வேன் நிக்குது. கோபாலபுரத்துல இந்த நேரத்துக்கு... சரி, உள்ள என்ன நடந்துச்சு? பத்து நிமிஷம்கூட ஆகலையே.

வர்ஷினி: பத்து நிமிஷமே அதிகம்.

ஸ்வர்ணலதா: ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பயந்தே போயிட்டா. ‘உங்க தங்கச்சியா மேடம்?’னு கேட்டா. தம்பி பொண்டாட்டின்னேன். என்னை ஒரு மாதிரி பாவமா பார்த்தா.

வர்ஷினி: சிரிப்பு வரல அண்ணி. அந்த போர்டுல என்ன போட்டிருக்கு? படிங்க. சத்தமா படிங்க.

ஸ்வர்ணலதா: ‘பெண்கள் மனநல ஆலோசனை...’

வர்ஷினி: பெண்கள்! உள்ள போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, ‘வீட்டுக்காரர் வரலையா?’ ரெண்டாவது கேள்வி, ‘காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?’

ஸ்வர்ணலதா: தூக்கம் வருதான்னு கேட்டிருப்பாரு...

வர்ஷினி: அதெல்லாம் இல்ல. சீக்கிரம் எந்திரிச்சு வீட்டு வேலையில மனசை விட்டா கவலை தெரியாதாம். சார், எனக்கு ஏழாம் மாசத்துல குழந்தை இறந்து பொறந்துச்சு, எட்டு மாசமாகுது, லிப்ட்ல யாராவது கைக்குழந்தையோட ஏறினா நான் வெளிய வந்து படியில இறங்குறேன்னு சொன்னேன். பேனாவை மூடி வச்சாரு அண்ணி. மூடி வச்சுட்டு...

ஸ்வர்ணலதா: என்ன சொன்னாரு?

வர்ஷினி: ‘சின்ன வயசுதானே. அடுத்ததுக்கு ட்ரை பண்ணுங்க. எல்லாம் மறந்துடும்.’ நீங்களும் சொல்லுங்களேன். அத்தை சொல்றாங்க. நம்ம ஜவுளிக்கடையில பில் போடுற அக்கா சொல்றாங்க. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த யாரோ ஒரு அம்மா, முன்னப் பின்ன தெரியாது, அவங்களும் சொல்லிட்டுப் போறாங்க!

ஸ்வர்ணலதா: நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?

வர்ஷினி: சொல்லல. எனக்குத் தெரியாம கோயில் மரத்துல தொட்டில் கட்டிட்டு வந்தீங்க.

ஸ்வர்ணலதா: அது... அம்மா கட்டச் சொன்னாங்க.

வர்ஷினி: நம்ம வீட்ல ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, ‘குழந்தை’ன்னு வாயைத் திறந்து சொன்னாங்களா? ‘அந்த விஷயம்’, ‘அப்ப நடந்தது’... ஏதோ குழாய் உடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்ட மாதிரி.

ஸ்வர்ணலதா: கத்தாத, வாட்ச்மேன் பார்க்குறாரு. சரி, இந்த ஆள் வேணாம். முதல்ல போன இடத்துல ஒருத்தி ஜாதகம் கேட்டா, அவளும் வேணாம். அந்த ரெண்டாவது அம்மா...

வர்ஷினி: அந்தப் பேச்சே எடுக்காதீங்க.

ஸ்வர்ணலதா: நாலு தடவை போனியே. நல்லா பேசுறாங்கன்னு சொன்ன.

வர்ஷினி: நல்லா பேசினாங்க, அதனாலதான் மனசு விட்டு சொன்னேன். இப்போதைக்கு இன்னொரு குழந்தை வேணாம், மாத்திரை போட்டுக்கிறேன், வீட்ல யாருக்கும் தெரியாதுன்னு. ரெண்டே நாள்! உங்க தம்பி அஸ்வின் அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில, அத்தை தட்டுக்குப் பக்கத்துல போட்டாரு. ‘இது என்ன?’ன்னு கேட்டாரு. ஏதோ நான் திருடின மாதிரி.

ஸ்வர்ணலதா: வேன் நகர்ந்துடுச்சு. போலாமா?

வர்ஷினி: இருங்க. இன்னொரு கவுன்சலர் நம்பர் இருக்கு, அடையாறு. என்கூட காலேஜ்ல படிச்ச வஜீஹா கொடுத்தா. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க.

ஸ்வர்ணலதா: நான் எதுக்கு? நான் வேணா கீழ இறங்கி...

வர்ஷினி: உட்காருங்க அண்ணி.

ரூபீனா: ஹலோ, ரூபீனா பேசுறேன்.

வர்ஷினி: வணக்கம் மேடம். வர்ஷினின்னு... வஜீஹாவோட பிரெண்ட். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கேட்கணும். கோபத்துல இருக்கேன், மரியாதையா வராது.

ரூபீனா: பரவாயில்ல. கேளுங்க.

வர்ஷினி: நான் உங்ககிட்ட சொல்றதை என் புருஷன்கிட்ட சொல்வீங்களா?

ரூபீனா: மாட்டேன்.

வர்ஷினி: மாமியார் போன் பண்ணி அழுதாங்கன்னா?

ரூபீனா: நீங்க என்கிட்ட வர்றீங்கன்னுகூட சொல்ல மாட்டேன். யாரோட உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய பேசுவேன். அதையும் முடிஞ்ச வரைக்கும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்.

வர்ஷினி: அடுத்த குழந்தை பெத்துக்கோன்னு...

ரூபீனா: அது உங்க முடிவு. அதுல தலையிட நான் யாரு?

வர்ஷினி: எனக்கு... வஜீஹா சொல்லியிருப்பா.

ரூபீனா: ஒண்ணும் சொல்லல. நீங்களா சொல்றப்ப கேட்டுக்கிறேன்.

வர்ஷினி: குழந்தை ஏழாம் மாசத்துலயே... வயித்துக்குள்ளயே போயிடுச்சு மேடம்.

ரூபீனா: பொண்ணா, பையனா?

வர்ஷினி: பொண்ணு... இந்த எட்டு மாசத்துல யாரும் இதைக் கேட்டதில்ல.

ரூபீனா: அவளைப் பார்த்தீங்களா?

வர்ஷினி: காட்டல. ஆபரேஷன் பண்ணினதால மயக்கத்துல இருந்தேன். முழிச்சப்ப எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. நான் பார்த்தா தாங்க மாட்டேனாம். யாருமே முகத்தைப் பார்க்கல, துணியில சுத்தி அப்படியே கொண்டு போயிட்டோம்னு சொன்னாங்க. எல்லாரும் மற மறன்னு சொல்றாங்க மேடம். மறக்கிறதுக்கு எனக்குன்னு ஏதாவது இருக்கணும்ல? ஒரு முகம்கூட இல்ல என்கிட்ட.

ரூபீனா: அழுங்க. அவசரமில்ல.

வர்ஷினி: அழல. கோபம்தான் வருது.

ரூபீனா: அதையும் கூட்டிட்டு வாங்க. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முடியுமா? கூட யாரும் வரணும்னு அவசியமில்ல.

வர்ஷினி: வர்றேன் மேடம்... வெச்சுடுறேன். இப்ப எடுங்க வண்டியை. அண்ணி? சாவியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க.

ஸ்வர்ணலதா: அந்த ரெண்டாவது அம்மா மேல தப்பில்ல.

வர்ஷினி: எதுல?

ஸ்வர்ணலதா: மாத்திரை விஷயத்துல. அவங்க சொல்லல. உன் பையில டிஷ்யூ தேடுறப்ப நான்தான் பார்த்தேன். மனசு கேட்காம அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அஸ்வின்கிட்ட...

வர்ஷினி: தெரியும்.

ஸ்வர்ணலதா: தெரியுமா!

வர்ஷினி: அந்த வாரம் என் பையைத் தொட்டது நீங்க மட்டும்தான். அது புரியாம ஒரு நல்ல மனுஷியை போன்ல கண்டபடி திட்டிட்டேன். புரிஞ்ச பிறகு மறுபடி அவங்க முகத்துல முழிக்க எனக்குத் தைரியமில்ல.

ஸ்வர்ணலதா: தெரிஞ்சும் என்னை ஏன்டி கூட்டிட்டு அலையுற? என்னை நல்லா நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல? அறைஞ்சிருக்கலாம்ல?

வர்ஷினி: கேட்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் உங்க வண்டியில ஏறுறேன். மாத்திரையைப் பத்தி இல்ல. நான் கண் முழிச்ச அன்னிக்கு எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னு ஏதேதோ பேசினாங்க. நீங்க மட்டும் வாசல்ல நின்னீங்க. என் முகத்தைப் பார்க்கல. எட்டு மாசமா நேருக்கு நேர் பார்க்கல. இதோ, இப்பவும் ரோட்டைத்தான் பார்க்குறீங்க.

ஸ்வர்ணலதா: வேணாம் வர்ஷினி...

வர்ஷினி: குழந்தை முகத்தை யாருமே பார்க்கலைன்னு சொன்னது பொய்தானே?

ஸ்வர்ணலதா: அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கடி. சொன்னா நீ அதையே நினைச்சு நினைச்சு...

வர்ஷினி: என் குழந்தையைப் பத்தி என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமா? யார் அவங்க? யார் நீங்க? எட்டு மாசம்! பைத்தியம் மாதிரி ஊரெல்லாம் கவுன்சலர் தேடிக்கிட்டு இருந்தேன், நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க! சொல்லுங்க அண்ணி. இங்க பார்த்து சொல்லுங்க!

ஸ்வர்ணலதா: நர்ஸ் கொண்டுவந்து நீட்டினப்ப யாரும் கை நீட்டல. நான்தான் வாங்கினேன்... தலை நிறைய முடி, ஈரமா. மூக்கு உன்னுது, அப்படியே உன்னுது. விரல் நுனியில நகம்கூட இருந்துச்சுடி, இத்துனூண்டு. கொண்டு போற வண்டி வர அரைமணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் என் மடியிலதான் இருந்தா. மகிழ்னு ஒரு பேர் பார்த்து வச்சிருந்தியே... பேர் இல்லாம அனுப்ப எனக்கு மனசு வரல. அந்தப் பேரை அவ காதுல மூணு தடவை சொல்லித்தான் கொடுத்தேன்.